கீழக்கரைப் பழைய ஊரை நடந்து பார்க்க: தூணிலிருந்து தொடங்குங்கள்

கீழக்கரைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏர்வாடிக்கோ ராமேசுவரத்துக்கோ போகிற வழியில் வண்டியை அரைமணி நேரம் நிறுத்துகிறவர்கள். பஜாரில் தொதல் என்கிற கருப்பட்டி இனிப்பை வாங்குவார்கள். கைப்பேசி வரைபடம் காட்டுகிற ஏதோ ஒரு பள்ளிவாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பழைய ஊர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மதுரை, தஞ்சாவூர்போல தூரத்திலிருந்தே கூப்பிடுகிற உயரம் எதுவும் இங்கே கிடையாது. இந்த ஊரின் அருமை கல்தூணின் தலையில் இருக்கிறது, அடக்கஸ்தலத்து நிழலில் இருக்கிறது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் இருக்கிறது. அவற்றைப் பார்க்க ஒரு வரிசை உண்டு, ஒரு நேரம் உண்டு. இரண்டில் ஒன்று தப்பினாலும் நாள் வீணாகும்.

வரிசை இது: திருப்புல்லாணி முதலில், கீழக்கரை அடுத்து, ராமநாதபுரம் அரண்மனை கடைசியில். மூன்றும் ராமநாதபுரத்து அரசர்களான சேதுபதிகள் ஆண்ட சேதுநாட்டின் கல்வேலை. கோயில் தூணைப் பார்த்த கண்ணோடு பள்ளிவாசல் தூணைப் பார்த்தால்தான் அங்கே நடந்திருப்பது புரியும்.

நாளும் நேரமும்

மார்கழி பாதியிலிருந்து மாசி முடியும் வரை நடக்கத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த மாவட்டத்துக்கு மழையே. அப்போது தாழ்வான தெருக்களில் தண்ணீர் கட்டி நிற்கும். பங்குனிக்குப் பிறகு காலை பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தைக் கடந்தவர்களுக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்மா என்கிற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பதினொன்றரைக்கே பள்ளிகள் நிறையத் தொடங்கும், கடைகள் சாத்தப்படும். அன்றைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் இடைஞ்சலாக நிற்பார். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது. தண்ணீர்ப் பாட்டிலைத் தெருவில் நின்று குடிப்பதும் நன்றாக இருக்காது. நோன்புக் காலத்து மாலையைப் பார்க்க வேண்டுமென்று வருகிறவர்கள் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பின் வந்து, மாலைத் தொழுகையான மஃரிபில் நோன்பு திறக்கும்போது ஓரமாக இருந்தால் போதும். யாராவது ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியை நீட்டுவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இஸ்லாமிய ஆண்டின் துல்கஃதா மாதத்தில் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா நடக்கும் நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும். அந்த வாரம் இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது.

மற்ற நாட்களில் உங்கள் கடிகாரம் தொழுகை நேரம்தான். கீழக்கரையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12.15 வாக்கில், மாதத்துக்கு மாதம் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக இருக்கும். அதன் பிறகு நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு, 3.30 சுமாருக்கு அஸர் பாங்கு, சூரியன் மறைந்ததும் மஃரிப். பாங்கு சொன்ன பிறகு முக்கால் மணி நேரத்துக்குப் பள்ளி தொழுகிறவர்களுடையது. ஆகவே பள்ளிவாசல்களை உள்ளே பார்க்கக் காலை 9 முதல் 11.30 வரை ஒரு நேரம், மாலை 4.15 முதல் 5.30 வரை இன்னொரு நேரம். காலைதான் நல்லது. வெளிச்சம் கிழக்கிலிருந்து சாய்வாக மண்டபத்துக்குள் விழும்போது செதுக்கு வேலை தெளிவாகத் தெரியும்.

சென்னையிலிருந்து ராமேசுவரம் போகும் இரவு ரயில்கள் ராமநாதபுரத்தில் நின்றுதான் போகும். தங்குவதை ராமநாதபுரத்தில் வைத்துக்கொள்வது எளிது. அங்கிருந்து கீழக்கரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர். ஏர்வாடி, கீழக்கரைப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. பேருந்தில் போகிறவர்கள் இடையில் திருப்புல்லாணியில் இறங்கி ஏற முக்கால் மணி கூடுதலாகக் கணக்கு வைக்க வேண்டும்.

கிளம்புமுன் ஒரு பையில்: ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, தலைக்கு மூடும் துண்டு அல்லது துப்பட்டா, சின்ன டார்ச், பத்து இருபது ரூபாய்ச் சில்லறைத் தாள்கள். கரையோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு, அதனால் குடிநீர் கையில் இருக்கட்டும். உடையில் ஆண்களுக்கு முட்டி மறைய வேண்டும், பெண்களுக்குத் தலையும் தோளும் மூட ஒரு துணி வேண்டும். கழிப்பறையை ராமநாதபுரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பழைய ஊருக்குள், அதிலும் பெண்களுக்கு, பொதுக் கழிப்பறையை நம்பி இறங்க முடியாது. இதைச் சொல்லாமல் விடுகிறவர்களால்தான் பலர் பதினோரு மணிக்கே அலுத்துத் திரும்புகிறார்கள்.

திருப்புல்லாணியில் நாற்பது நிமிடம்

ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்தில் ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. தர்ப்பைப் புல்லில் ராமர் சயனித்திருக்கும் சன்னதி இந்தத் தலத்துக்கே உரியது. காலை 7 மணிவாக்கில் திறந்து நண்பகலை ஒட்டிச் சாத்துவார்கள். 7.30க்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தரிசனம் முடிந்ததும் மண்டபத்தில் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நில்லுங்கள். ஒரே தூண் போதும். மண்டபம் முழுக்க அலைந்தால் எதுவும் மனத்தில் தங்காது.

கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். அடியில் நாற்சதுரக் கட்டை. அதற்கு மேல் எட்டுப்பட்டையாகவோ பதினாறு பட்டையாகவோ சீவிய பகுதி, இதைக் கட்டு என்பார்கள். மறுபடி ஒரு சதுரம், மறுபடி கட்டு, கடைசியில் ஒரு சதுரம். அந்தச் சதுரங்களின் நாலு முகங்களிலும் பாருங்கள், அனுமன் இருப்பார், கை கூப்பிய அடியார் இருப்பார், அன்னமோ யாளியோ இருக்கும். தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்க நாலு பக்கமும் நீண்டிருப்பது போதிகை. போதிகையின் நுனி வளைந்து, கவிழ்ந்த பூமொட்டாகத் தொங்கினால் அது பூமுனைப் போதிகை. நாயக்கர் காலத்தில் அந்த மொட்டு பெரிதாகி வாழைப்பூ மாதிரியே ஆகிவிட்டதால் அதை வாழைப்பூப் போதிகை என்றே சொல்கிறார்கள். இந்த நாலையும், அதாவது சதுரம், கட்டு, சதுரத்தில் உருவம், தலையில் மொட்டு, கைப்பேசியில் படமாகவோ நோட்டில் கோடாகவோ பதித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இதுதான் சாவி.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கரையில் கருங்கல் கிடையாது. மணலும், பவளப் பாறைச் சுண்ணாம்பும், செம்மண் தேரியும்தான். ஒவ்வொரு தூணும் உள்நாட்டிலிருந்து இழுத்துக் கொண்டுவரப்பட்டது. கல்லை வரவழைப்பதற்கே பெரிய கை வேண்டும். அந்தக் கை கோயிலுக்கு அரசனுடையதாக இருந்தது, கீழக்கரையில் ஒரு வணிகருடையதாக இருந்தது.

ஊருக்குள் நுழைவது

ராமநாதபுரம் சாலையில் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் தெற்கே கடலை நோக்கி ஊர் இறங்குகிறது. காரைப் பேருந்து நிலையப் பக்கமோ வள்ளல் சீதக்காதி சாலையில் இடம் கிடைத்த இடத்திலோ நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வரைபடம் உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள். அது சந்தின் அகலத்தைக் காட்டாது. திருப்ப இடமில்லாமல், பின்னால் நாலு இருசக்கர வண்டிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிற வெளியூர் கார் இங்கே அடிக்கடி காணும் காட்சி.

முஸ்லிம் பஜார் வழியாக உள்ளே நடங்கள். வழி தவறினால் பயம் வேண்டாம், தெற்கே எப்போதும் கடல். வழி கேட்கும்போது வெறுமனே "ஜும்மா பள்ளி எங்கே?" என்று கேட்டால் கேள்வி திரும்பி வரும், "எந்த ஜும்மா பள்ளி?" என்று. பழைய ஜும்மா பள்ளி வேறு, நடுத்தெரு ஜும்மா பள்ளி வேறு. வரைபடத்தில் தேடுகிறவர்கள் தவறுவதும் இங்கேதான். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். முதலில் போக வேண்டியது நடுத்தெரு.

"காக்கா, நடுத்தெரு ஜும்மா பள்ளிக்கு எப்படிப் போவணும்?" என்று கேளுங்கள். இந்தக் கரையின் முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா. வெளியூர்க்காரர் "பாய்" என்று கூப்பிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் காக்கா என்றால் முகம் மலரும், பாதி தூரம் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். வயதானவரைப் பெரியவரே என்று கூப்பிடலாம். பெண்களிடம் வழி கேட்பது பெண்களோடு போகட்டும்.

நடுத்தெரு ஜும்மா பள்ளி

வள்ளல் சீதக்காதி கட்டிய பள்ளி என்று ஊர் போற்றுவது இதுதான். 17ஆம் நூற்றாண்டின் பெருவணிகர், செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது இயற்பெயர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிற பழமொழியின் மனிதர் இங்கேதான் அடங்கியிருக்கிறார். அவர் இறந்த செய்தி தெரியாமல் பரிசில் கேட்டு வந்த புலவருக்கு, அடக்கத்திலிருந்த கையின் மோதிரம் கிடைத்தது என்பது வழிவழிக் கதை. அவருடைய ஞானகுருவாகப் போற்றப்படும் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் (1632–1703) அடக்கஸ்தலமும் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது.

வாசலில் நின்று செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கே தடுமாறினால் உள்ளே போக முடியாமலே போகும். முதலில் பாங்கு சொல்லும் மோதினாரையோ நிர்வாகத்தில் யாரையாவதோ தேடி, "வெளியூரிலிருந்து தூணெல்லாம் பார்க்க வந்திருக்கோம், உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் கேட்டால் பெரும்பாலும் தடுப்பதில்லை. பெண்கள் எதுவரை வரலாம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். தொழும் மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொன்னால் அதோடு நின்றுகொள்ளுங்கள், வாதாட வேண்டாம். அடுத்து, படம் எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். உள்ளே வரச் சம்மதம் தந்தது படத்துக்கும் தந்ததாக ஆகாது. தொழுது கொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே போகக் கூடாது, அவர் பின்னால் சுற்றிப் போங்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் தண்ணீரில் கால் நனைக்கவோ பாட்டில் கழுவவோ கூடாது. செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வேறு வாசல் வழியாக வெளியேற நேரலாம்.

உள்ளே போனதும் திருப்புல்லாணித் தூணை மனத்தில் கொண்டுவாருங்கள். அதே சதுரம். அதே கட்டு. தலையில் அதே போதிகை, அதே கவிழ்ந்த மொட்டு. மேலே கல் உத்திரம், அதன் மேல் தட்டையான கல் கூரை. வடநாட்டுப் பள்ளிகளில் காணும் பெரிய குவிமாடத்தையும் வளைவுகளையும் தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது நம் கல்தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த மண்டபக் கலையில் கட்டிய தொழுகை மண்டபம். இப்போது சதுரத்தின் முகத்தைப் பாருங்கள். அங்கே அனுமன் இருந்த இடத்தில் இங்கே பூ இருக்கும், கொடி இருக்கும், அல்லது வெறும் கல் இருக்கும். மனித உருவமும் விலங்கும் இல்லை. சிற்பி தன் மரபில் ஒன்றை மட்டும் விலக்கிவைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறான். அரசாணையோ போதனையோ சொல்ல முடியாத ஓர் ஒப்பந்தம் அந்தக் கல்லில் இருக்கிறது. இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம்.

செதுக்கு வேலை தெளிவாகத் தெரியவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் வண்ணப்பூச்சு. தலைமுறை தலைமுறையாகப் பூசிய சுண்ணாம்பும் பெயின்டும் குழிகளை நிரப்பிவிடுகின்றன. நேராக டார்ச் அடித்தால் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். அனுமதி கேட்டுக்கொண்டு, டார்ச்சைத் தூணோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் கல்லின் மேல் வழுக்கிப் போகும்போது ஒவ்வொரு மேடும் தன் நிழலை விழவைக்கும். நீங்கள் இல்லையென்று நினைத்த இதழெல்லாம் எழுந்து வரும். கல்லைச் சுரண்டிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மேற்குச் சுவரில் மிஹ்ராப், தொழுகை நடத்துபவர் நிற்கும் மாடம். கீழக்கரையிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 23 டிகிரி சாய்ந்திருக்கிறது. நம் பக்கத்துப் பழைய பள்ளிகள் சிலவற்றில் கட்டடம் ஒரு திசையிலும், தரையில் தொழுகை வரிசைக்காகப் போட்ட கோடுகள் சற்றுச் சாய்ந்தும் இருப்பது இதனால்தான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் தரையைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

அடக்கஸ்தலத்தில் சியாரத்துக்கு, அதாவது அடக்கத்தைத் தரிசிக்க, வந்தவர்கள் இருந்தால் அவர்கள் பாத்திஹா ஓதி முடிக்கும்வரை வெளியே நில்லுங்கள். தலையை மூடிக்கொண்டு உள்ளே போய், சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாலே போதும். இங்கே நுழைவுக் கட்டணம் என்று கேட்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுக்க விருப்பமிருந்தால் உண்டியல் இருக்கிறது.

பழைய ஜும்மா பள்ளியும் அரூஸிய்யாவும்

நடுத்தெருவில் முக்கால் மணி ஆன பிறகு பழைய ஜும்மா பள்ளிக்குப் போங்கள். நபிகள் நாயகம் வாழ்ந்த 7ஆம் நூற்றாண்டிலேயே யமன் நாட்டு வணிகர்கள் இதை எழுப்பினார்கள் என்பது ஊரின் நெடுநாள் மரபு. அதே மரபு, பின்னால் 11ஆம் நூற்றாண்டில் இது புதுப்பித்துக் கட்டப்பட்டதாகவும் சொல்கிறது. ஆகவே இன்று கண்முன் நிற்கிற ஒவ்வொரு தூணையும் காட்டி ஆயிரத்து நானூறு ஆண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இடத்தின் பழமை ஒன்று, கட்டடத்தின் பழமை வேறு. நடுத்தெருவில் பார்த்த தூணோடு இதன் தூணை ஒப்பிட்டுப் பாருங்கள். எது எளிமையானது, எதில் போதிகை குட்டையானது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அரூஸிய்யா மதரஸா 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) பணிசெய்த இடம். அவர் நூல்கள் அரபியிலும் அரபுத்தமிழிலும் இருக்கின்றன. அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ங, ட, ண, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புது எழுத்துகள் ஆக்கிக்கொண்டார்கள். அரபு எழுத்து தெரிந்த யாராவது கூட இருந்தால், கல்லறைத் தலைமாட்டில் நடும் பழைய மீஸான் கல் எதிலாவது எழுத்தைக் கண்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அரபி என்று நினைத்த வரி காதில் தமிழாக விழக்கூடும். மையவாடி என்கிற அடக்க நிலத்துக்குள் கல்லின் மேல் ஏறி நிற்பதும், மீஸான் கல்லில் கை ஊன்றிப் படம் எடுப்பதும் கூடாது. மதரஸாவில் பாடம் நடக்கும் நேரமானால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

தெருக்களில் நடக்கும்போது

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஜமாஅத் (தெருச் சபை), ஒரு பள்ளி, தன் தனிக் கணக்கு. இலங்கை, பர்மா, மலேயா என்று ஆண்கள் கடல் கடந்து சம்பாதித்து வந்து கட்டிய வீடுகள் இவை. வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது இங்குள்ள வழக்கம். அதனால்தான் ஒரு பெரிய வீட்டை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று என்று சுவரோடு சுவராகத் தெரு நெருங்கிக் கிடக்கிறது. மூத்தவள் வீடு, இளையவள் வீடு. திண்ணை, மரத்தூண், தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்குக் கதவில் பித்தளைக் குமிழ், கதவுக்கு மேலே அரபு எழுத்து: இவற்றைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

வீடுகளுக்கு நடுவே ஓடும் குறுகிய முடுக்குகளில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவார்கள். ஆண்கள் அதற்குள் குறுக்கு வழி தேடி நுழையாதீர்கள். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துக் கேமராவைத் தூக்குவதுதான் வெளியூர்க்காரர்மேல் இங்கே வருகிற முதல் கோபம். வெறும் கதவைப் படமெடுக்கவும் திண்ணையில் ஆள் இருந்தால் கேளுங்கள். நாலு பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். சந்து நிறைந்துவிடும், சத்தம் ஏறும். பத்துப் பேர் வந்திருந்தால் மூன்றாகப் பிரிந்து, கால்மணி இடைவெளி விட்டு நடங்கள்.

சாப்பாடு, தொதல்

11.30க்கு மேல் பஜாரில் மதியச் சாப்பாடு. நெய்ச்சோறும் மீன் ஆணமும் (குழம்பும்) கிடைத்தால் பிரியாணியை மறந்துவிடலாம். கரையோர ஊரில் மீனை விட்டுவிட்டு கோழிக்குப் போகிறவர்களை என்ன சொல்ல!

தொதல் வாங்குவதற்குச் சற்று நிதானம் வேண்டும். தேங்காய்ப்பால், கருப்பட்டி, மாவு மூன்றையும் பெரிய சட்டியில் கைவிடாமல் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்போது முந்திரி சேர்த்து இறக்குவது. நல்ல தொதல் கறுப்பை ஒட்டிய பழுப்பு, மேலே எண்ணெய் மினுமினுப்பு, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் கிண்டியது போதவில்லை. வாயில் போட்டதும் வெறும் இனிப்புதான் வருகிறது, கருப்பட்டியின் புகை வாசமே இல்லை என்றால் வெல்லமோ சீனியோ கலந்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் பழையது. வாங்குமுன் ஒரு துண்டு கேட்டுச் சுவைத்துப் பாருங்கள், தருவார்கள். எப்போது கிண்டியது என்றும் கேளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை இறுக்கினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். பனையோலைப் பெட்டியில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், காற்றோட்டம் இருப்பதால் பிளாஸ்டிக்கைவிட நல்லது. கூடவே ஓட்டுமாவும் கிடைக்கும், அது வறுத்த உலர்பண்டம் என்பதால் நெடுந்தூரப் பயணத்துக்கு அதுதான் பத்திரம்.

கடற்கரை

அரண்மனையைப் பார்க்க நினைப்பவர்கள் கடற்கரையில் கால்மணிக்கு மேல் நிற்க முடியாது. ஆனால் எட்டிப் பார்க்காமல் போகவும் கூடாது, ஊர் இங்கே ஏன் முளைத்தது என்பதற்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. கரைக்கு முன்னே வரிசையாகத் தீவுகள்: முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைத் தொகுப்பு இந்த ஏழு. அவற்றில் பூவரசன்பட்டி இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. தீவுகளும் பவளப் பாறையும் அலையை வெளியே உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும், தோணி நிற்கத் தோதான இடம். முத்தும் சங்கும் குளித்ததும் இந்தக் கடலடிப் பார்களில்தான். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போதும் இந்தத் தென்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது படகோடு வந்தால் ஏறாதீர்கள். 1986 முதல் இது கடல் தேசியப் பூங்கா, தீவில் அனுமதியின்றி இறங்குவது குற்றம். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் பைக்குள் போடாதீர்கள். பவளம், கடல்குதிரை, கடலட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்பில் இருக்கின்றன. "சும்மா கிடந்தது, எடுத்தேன்" என்பது சோதனையில் எடுபடாது.

மாலையில் ராமலிங்க விலாசம்

கீழக்கரையை 1.30க்கு விட்டால் 2.15க்கு ராமநாதபுரம் அரண்மனை. போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கல்கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி. அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வார விடுமுறையையும் சாத்தும் நேரத்தையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

உள்ளே நுழைந்ததும் அமைப்பைக் கவனியுங்கள். முன்னால் தூண்கள் நிறைந்த மகாமண்டபம், அடுத்து குறுகலான இடைமண்டபம், கடைசியில் அரச பீடத்துக்கான அறை. ராசா இருக்கும் இடத்தைக் கோயில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். தூணின் தலையைப் பாருங்கள், காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதே மொட்டு.

சுவரோவியங்கள் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராமாயணமும் பாகவதமும் ஒருபக்கம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒருபக்கம், ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சி, மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினங்களால் அபிஷேகம் செய்யும் காட்சி. அவசரமாகச் சுற்றினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், எதுவும் நிற்காது. போர்க் காட்சி ஒன்று, ரத்தின அபிஷேகம் ஒன்று என்று இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நில்லுங்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், தலைப்பாகை எப்படிக் கட்டியிருக்கிறது, கையில் என்ன என்று பார்த்துக்கொண்டே போனால் படம் தானே பேச ஆரம்பிக்கும். சுவரைத் தொடக் கூடாது, கை வேர்வையின் உப்பே வண்ணத்தை உரிக்கப் போதும். ஃபிளாஷ் போடக் கூடாது. படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். காலையில் தூணுக்குச் செய்ததுபோல டார்ச்சைப் பக்கவாட்டில் அடிக்க இங்கே இடமில்லை, இது கல் இல்லை, சுண்ணச் சுவரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள், அதன் பிறகு சன்னல் வெளிச்சமே போதுமானதாக இருக்கும்.